வெர்லின் பெயரில் ஒரு சட்டம்

எங்கள் ஊரில் ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, எனக்கு மதியச் சாப்பாட்டுக் கவலை இருந்ததே இல்லை. கொல்லை கொல்லையாகப் போவேன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் புகையில் வெந்த பன்றி இறைச்சி, இன்னொரு வீட்டில் வெண்ணெய் தடவிய சோளக் கதிர். ட்வைலா ஹாக் வீட்டில் உருளைக்கிழங்கு சாலட், கடுகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதற்காகவே வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குக் கடைசியாகப் போவேன். விசாரணை விசாரணை என்று நீங்கள் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லையே மேடம்? முனைக் கடையில் சாண்ட்விச் பரவாயில்லாமல் இருக்கும். வேண்டாமென்றால் சரி, வற்புறுத்தவில்லை.

சாப்பிடுவதற்காகத்தான் வீடு வீடாகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிழைப்புக்கு வீடுகளுக்கு எரிவாயு நிரப்புகிறேன். அது போக, ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். கேலன் ஸ்டர்ம் என்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் 'சீஃப்'தான். நான்காம் தேதி இருட்டியதும் வாணம் விடப்போகிறவர்கள் எல்லாம் மதியமே தங்கள் குழாய்ப் பெட்டியைக் கொல்லையில் எடுத்து வைத்துவிட வேண்டும். மரப்பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் குழாய்கள். அவற்றுக்குள் குண்டைப் போட்டுத் திரியைப் பற்றவைத்தால் மேலே போய் விரியும். நான் பெட்டியை உலுக்கிப் பார்ப்பேன், குழாய்க்குள் எட்டிப் பார்ப்பேன், அடிப்பலகையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பேன், பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

இப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. நானே ஆரம்பித்த வழக்கம். ஆனால் பச்சை ஸ்டிக்கர் இல்லாத பெட்டியில் எங்கள் ஊரில் எவனும் திரி கொளுத்த முடியாது. வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். குழந்தைகளே போய்ப் பார்த்துவிட்டு வந்து 'ஒட்டியாச்சு' என்று சொல்லும். சீஃப் பார்த்துவிட்டார் என்றால் பார்த்துவிட்டார்தான், அதற்கு மேல் பேச்சில்லை. மிசௌரியில் இப்படி இன்னொரு ஊர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வாணத்தை ஊருக்குள் தடை செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டவனும் நான்தான். என் தம்பி ஓரின் போன பிறகு கேட்டேன். மழையே இல்லாத ஒரு கோடை. எவனோ விட்ட ராக்கெட் காய்ந்த புல்லில் விழுந்து, ஓடைக்கரை முழுக்கப் பற்றிக்கொண்டது. எங்கள் படையில் இருந்த ஓரின்தான் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அணைத்தான், அணைத்து முடித்துவிட்டுத் தீயணைப்பு வண்டியின் பின்படியில் உட்கார்ந்தான், தண்ணீர் கேட்டான். நான் தண்ணீரோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அந்தத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

நகர சபை கொடி போர்த்தியது, பெயர் பொறித்த பலகை வைத்தது, எல்லாம் குறைவில்லாமல் செய்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து தடை கேட்டேன். மேயர் நார்ம் பிக்ஸ்லர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்பக் கனிவாகத்தான் பேசினார்.

"சீஃப், ஓரினுக்கு இதயத்துல கோளாறு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். வாணத்தால நம்ம ஊர்ல யாரு செத்தாங்க? ஒரு பேரு சொல்லுங்க, நானே கையெழுத்துப் போடறேன்."

என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடமும் கேட்டேன், அதே பதில். அதற்கடுத்த வருடம் நான் எழுந்ததுமே பின்வரிசையில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் படைக்காரர்களே என் பக்கம் இல்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் இரண்டாவது வண்டிக்கு டயர் வந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு, எங்கள் படையே வாணம் விற்றுத்தான். நானும் அதில் நின்று விற்றிருக்கிறேன். வயிறு எரிந்துகொண்டே விற்றிருக்கிறேன்.

ஆனால் நார்ம் சொன்னதை மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பாருங்கள், நம் நாட்டில் நிலைத்து நிற்கிற சட்டங்களுக்கெல்லாம் பலியான ஓர் ஆளின் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம், எவனும் படிக்கமாட்டான். பெயர் இருந்தால், எதிர்த்து வாக்களிக்கிறவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளின் தாயையோ மனைவியையோ நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும். யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? நார்ம் எனக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். அவ்வளவுதான்.

யார் பெயர் என்பதில்தான் எனக்கு நாள் பிடித்தது. டஸ்டி க்ரம் என்று ஒருவன் இருக்கிறான், மதியத்திலிருந்தே பீரும் கையுமாக இருப்பான். அவன் போனால் 'குடிச்சிட்டு ஆடினான், போனான்' என்று சொல்லிவிட்டு ஊர் தூங்கப் போய்விடும். வயசுப் பையன்கள் போனால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். சின்னக் குழந்தைகள் என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் மிருகம் அல்ல. யார்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாதோ, யாருக்கு நடந்தால் 'அவனுக்கே இப்படின்னா நமக்கெல்லாம் என்ன கதி' என்று தோன்றுமோ, அப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். ஊரிலேயே மிகவும் ஜாக்கிரதையான ஆள்.

அது வெர்லின் ஹாக் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ட்வைலாவின் கணவன். பள்ளிப் பேருந்து ஓட்டினான். ரயில் தண்டவாளம் வந்தால் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. வெர்லின் தன் சொந்தக் காரிலும் அப்படித்தான் செய்வான். தேவாலயத்துக்குப் போகும் வழியில், பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க, இவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பான். அந்தப் பாதையில் ரயில் ஓடி எத்தனையோ காலமாயிற்று. எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், ஆனால் நிறுத்துவதை விடமாட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குச் சிநேகிதன், அவன் மட்டும்தான் என்னைக் கேலன் என்று கூப்பிடுவான். ஓரினின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவன். வெர்லினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாருடைய பெட்டியையும் நான் கெடுத்துவைக்கவில்லை. ஓர் ஆணியைக்கூடத் தளர்த்தவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். வருடா வருடம் அவன் பெட்டி முன்னால் குந்தும்போது மட்டும் கொஞ்சம் ஆசையோடு பார்ப்பேன். வருடா வருடம் அது கல்மாதிரி இருக்கும். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, சாலட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வசந்தத்தில் ஓடை பெருகி வந்து, கரையோர வீடுகளின் கார் கொட்டகைக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்தது. வெர்லின் வீட்டிலும் புகுந்தது. அவன் பெட்டியை வெயிலில் காயவைத்து, புதிதாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தான். நான்காம் தேதி மதியம் உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அடிப்பலகையின் மூலையில் நகத்தை வைத்து அழுத்தினேன். ரொட்டிக்குள் போவதுபோல உள்ளே போயிற்று. பெயிண்ட்டுக்கு அடியில் மரம் முழுக்க இற்றுப்போயிருந்தது. முதல் இரண்டு மூன்று குண்டுகளைத் தாங்கும், அதற்கு மேல் அந்த மூலை உட்கார்ந்துவிடும், பெட்டி சாயும், அடுத்த குண்டு வானத்தைப் பார்த்துப் போகாது. இதெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வெர்லின் கையில் இடுக்கியோடு என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தான்.

"கேலன், அந்த மூலை எனக்கே கொஞ்சம் உறுத்துதுடா. வெள்ளத்துல ஊறினது. வேணும்னா இந்த வருஷம் விட்டுடறேன். பசங்க ஒண்ணும் அழ மாட்டாங்க, மிஞ்சிப்போனா நான்தான் அழுவேன்."

நான் எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெயிண்ட் இன்னும் சரியாக் காயல, அதான் அப்படித் தெரியுது. தைரியமா விடு."

"நீ சொன்னா சரி."

அந்த மூலையிலேயே ஸ்டிக்கரை ஒட்டினேன். ட்வைலா தட்டைக் கொடுத்தாள், இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதே மதியம் டஸ்டியின் பெட்டியில் ஒரு குழாய் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்து, பெட்டியோடு தூக்கி என் வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நான் கண்டுகொள்ளவில்லை. அவன் உயிரும் எனக்கு முக்கியம்தான்.

இருட்டத் தொடங்கியதும் தெருவே வெர்லின் வீட்டுக்கு வந்துவிட்டது. மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளை எல்லாம் நான்தான் எழுப்பி, எதிர் வீட்டுப் புல்வெளிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். ஏன் இவ்வளவு தூரம் என்று ஒரு தாய் முணுமுணுத்தாள். சொன்னதைக் கேளும்மா என்றேன். எங்கள் வண்டியை வெளியே போகும் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தேன். வெர்லின் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தான். ஊரிலேயே அதையெல்லாம் போடுகிறவன் அவன் ஒருவன்தான், அதற்கும் ஒரு கிண்டல் நடந்தது.

முதல் குண்டுகள் அழகாகப் போயின. பிறகு பெட்டி சாய ஆரம்பித்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். வெர்லின் பின்னால் திரும்பி நாற்காலிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான், பிறகு ஓடிப் போய்ப் பெட்டியை நிமிர்த்தப் பிடித்தான். அடுத்த குண்டு அவன் மார்பில்தான் போயிற்று.

கையோ காலோ போகும் என்றுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாமென்று இங்கே வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இல்லை மேடம். ஒரு கை போனதற்கு யாரும் சட்டம் போடமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தவன் நான். செய்ய வேண்டியதை எல்லாம் முறைப்படி செய்தேன், அதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அவனுக்கு இன்னும் நினைவு இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மூலையா?"

"இல்லடா."

"அப்ப... நான்தான் எதையோ தப்பா வெச்சுட்டேன்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அது ஒன்று மட்டும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் சட்டம் நிறைவேறியது. ஊர் எல்லைக்குள் யாரும் வாணம் விடக் கூடாது, விற்கக் கூடாது. வெர்லின் ஹாக் சட்டம் என்று பெயர். ட்வைலா முன்வரிசையில் அவனுடைய ஓட்டுநர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்து ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை. நார்ம் அழுதுவிட்டார். கையெழுத்துப் போட்ட பேனாவை என்னிடம் கொடுத்து, 'நீங்க அப்பவே சொன்னீங்க சீஃப்' என்றார். உண்மையைச் சொல்லப்போனால் அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். ஓரின் போன பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி அடுத்த ஜூலை வரைக்கும்தான். கூடாரங்களை ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள், அங்கே ஊர் எல்லை முடிந்துவிடுகிறது. எங்கள் படையின் கூடாரமும் அங்கேதான் போயிற்று. என் படைப் பையன்களே எனக்கு எதிராக வாக்களித்து அதைச் செய்தார்கள். நான்காம் தேதி வந்தபோது வெர்லின் படம் போட்ட பனியன்களோடு ஊரே தெருவில் இறங்கியது. வாணம் என்றால் அவனுக்கு உயிராயிற்றே, அவனுக்காக விடாமல் இருக்க முடியுமா என்றார்கள். சட்டத்தை மீறுகிறோம் என்ற எண்ணமே ஒருவருக்கும் இல்லை. அந்தச் சட்டத்துக்கு யார் பெயரோ, அவனுக்கு மரியாதை செய்கிறார்களாம். காவல்துறை ஆளும் வந்திருந்தார். வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ட்வைலா அவனுடைய சாம்பலில் கொஞ்சம் எடுத்து அனுப்பி, ஒரு குண்டுக்குள் வைத்துச் செய்து வாங்கியிருந்தாள். இந்தக் காலத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அதை என் கையில் கொடுத்தாள்.

"அவரு உங்களைத்தான் நம்பினாரு, சீஃப். நீங்களே பத்த வைங்க."

புதுப் பெட்டி. நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன், மூலைக்கு மூலை நகம் வைத்துப் பார்த்தேன், மேலேயே ஏறி நின்று பார்த்தேன். அப்புறம்தான் கொளுத்தினேன். பொன்னிறமாக விரிந்து கூரைகள்மேல் இறங்கியது. எல்லோரும் அழுதுகொண்டே கைதட்டினார்கள். அது அடங்குவதற்குள் ஒவ்வொரு கொல்லையிலிருந்தும் ஆரம்பித்துவிட்டது. என் வாழ்நாளில் இந்த ஊரில் அவ்வளவு வாணம் நான் பார்த்ததில்லை. தெரு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் வீண் என்று எனக்குப் புரிந்தது. இவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது.

மிச்சம் உங்களுக்கே தெரியும். இந்த வசந்தத்தில் ட்வைலா கொட்டகையைச் சுத்தம் செய்திருக்கிறாள். பழைய பெட்டியை எறிய மனசு வராமல், அதிலிருந்த பச்சை ஸ்டிக்கரையாவது அவன் நினைவாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று உரித்திருக்கிறாள். அதற்கு அடியில் பிறை வடிவத்தில் ஒரு நகத்தடம். நான் எப்படிச் சோதிப்பேன் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தன் விரலை அதில் வைத்து அழுத்தியிருக்கிறாள், அது உள்ளே போயிருக்கிறது. அழுத்திப் பார்த்தவன்தானே அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டியிருக்க வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இதோ, புகைப்படத்தோடு என் கட்டைவிரலை ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். என் நகம்தான். தெரிந்துதான் ஒட்டினேன். வெர்லினைக் கொன்றது நான்.

இவ்வளவும் மறைக்காமல் சொன்னது எதற்கென்றால், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வரும் திங்கட்கிழமை அந்தச் சட்டத்தை ரத்து செய்வது பற்றி நகர சபை பேசப்போகிறது. யாரும் மதிக்காத சட்டம் எதற்கு என்கிறார்கள். வெர்லின் பெயர் இருப்பதால்தான் கையைத் தூக்கத் தயங்குகிறேன் என்று நார்ம் என்னிடமே சொன்னார். அது இப்போது அந்தப் பெயரின் பலத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

நான் சொன்னதை நீங்கள் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெர்லின் வாணத்தால் சாகவில்லை என்று ஆகிவிடும். என்னால் செத்தான் என்று ஆகிவிடும். வாணத்தால் நம்ம ஊர்ல யாரு செத்தாங்க, ஒரு பேரு சொல்லுங்க என்று நார்ம் மறுபடியும் கேட்பார். சொல்ல ஒரு பெயரும் இருக்காது. ஓரினும் போய், வெர்லினும் போய், எல்லாம் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். இனிமேல் பெட்டிகளைப் பார்ப்பதற்கு நானும் இருக்கமாட்டேன்.

அதனால் விபத்து என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களே, அது அப்படியே இருக்கட்டும். இதை நான் எனக்காகக் கேட்கவில்லை. வெர்லின் உயிரோடு இருந்திருந்தால் அவனும் உங்களிடம் இதையேதான் கேட்டிருப்பான்.